மரம் தொடாத டெக்கீலா: பாணிகளும் பிரமாணங்களும்

விஷயம் தெரிந்தவர் கையில் ஒரு டெக்கீலா பாட்டிலைக் கொடுத்தால், முதல் வேலையாக அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். அங்கே ‘நோம்’ என்ற குறிப்புடன் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். மெக்சிகோவின் தர விதிப்படி ஒவ்வொரு வடிசாலைக்கும் தரப்படும் எண் அது. 1493 என்றால் ஃபோர்த்தலேசா, 1139 என்றால் லா அல்தேன்யா, 1120 என்றால் சியெத்தே லேகுவாஸ். முன்பக்கத்தில் சினிமா நட்சத்திரத்தின் பெயர் இருக்கலாம், மண்டையோட்டுப் படம் இருக்கலாம். சரக்கு எந்தக் கொப்பரையில் இறங்கியது என்பதை எண் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே எண்ணின் கீழ் பல டஜன் பிராண்டுகள் வெளிவரும் வடிசாலைகளும் உண்டு. பெயர் மட்டும் வேறு, விலை மட்டும் வேறு.

இந்தக் கட்டுரை பிளாங்கோ வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பிளாங்கோ, பிளாட்டா, சில்வர் என்று மூன்று பெயரிலும் விற்கப்படுவது இதுதான்: வடித்து, நீர் சேர்த்து, பீப்பாயில் முதிர வைக்காமல் பாட்டிலில் அடைத்தது. இரண்டு மாதமாவது ஓக் மரத்தில் கிடந்தால் ரெபொசாதோ, ஓராண்டு என்றால் அன்யேஹோ, மூன்றாண்டு என்றால் எக்ஸ்ட்ரா அன்யேஹோ. கடைசி வகுப்பு 2006-இல்தான் விதியில் ஏறியது. இரண்டு மாதத்துக்குள் எடுத்துவிட்டால் மரத்தில் கிடந்ததும் பிளாங்கோவே. எர்ரதூரா தன் சில்வரை 45 நாள் ஓக்கில் வைத்திருந்து எடுக்கிறது, அதனால் அதில் லேசான வைக்கோல் நிறம் தெரியும். எதிர்ப்பக்கமாக, முதிர்ந்த டெக்கீலாவைக் கரியில் வடிகட்டி நிறம் நீக்கி ‘கிறிஸ்டலீனோ’ என்று விற்கிறார்கள். பார்வைக்குத் தண்ணீர்போல் இருந்தாலும் அது பிளாங்கோ அல்ல. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஆர்வமும் இல்லை.

பீப்பாய் பல குறைகளை மன்னிக்கும். அவசரமாக வெந்த கற்றாழை, பக்குவம் தவறிய ஊறல், பேராசையோடு நீட்டிப் பிடித்த வடி எல்லாமே ஓராண்டு மரவாசத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பிளாங்கோவுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு வடிசாலையின் கைத்திறனை எடைபோட அதன் விலையுயர்ந்த சரக்கைவிட அதன் பிளாங்கோவே நம்பகமான சாட்சி என்பது என் கட்சி.

முதலில் சட்டத்தின் பிரமாணங்கள். நீலக் கற்றாழை என்ற ஒரே இனத்திலிருந்துதான் டெக்கீலா எடுக்கலாம். நம் ஊர் ரயில் பாதையோரம் வேலியாக நிற்கும் ஆனைக்கற்றாழை இதற்கு நெருங்கிய உறவு. தலைக்குத் தேய்க்கும் சோற்றுக்கற்றாழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1949-இல் வந்த முதல் தர விதி, சர்க்கரை முழுவதும் கற்றாழையிலிருந்தே வரவேண்டும் என்றது. 1964-இல் எழுபது சதவீதம் போதும் என்று தளர்த்தினார்கள். 1970-இல் அது 51-க்கு இறங்கியது. இன்றைக்கும் வெறும் ‘டெக்கீலா’ என்று மட்டும் எழுதியிருந்தால் மீதி 49 சதவீதம் கரும்புச் சர்க்கரையாகவோ வேறொன்றாகவோ இருக்கலாம். மறுநாள் காலையில் டெக்கீலாவையே வெறுத்தவர்களில் பெரும்பாலோர் குடித்தது இந்தக் கலப்பு வகையாகத்தான் இருக்கும். ‘நூறு சதவீதம் அகாவே’ என்று எழுதியிருப்பதைத்தான் நாம் பேச்சுக்கு எடுக்கிறோம். அதை உற்பத்திப் பிரதேசத்துக்குள்ளேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும். கலப்பு வகையை டாங்கரில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பலாம்.

அந்தப் பிரதேசத்தை 1974-இல் தோற்றப் பெயர் அறிவிப்பு வரையறுத்தது. ஹலிஸ்கோ மாநிலம் முழுவதும், குவனஹுவாத்தோ, மிச்சோவாகான், நயாரித் மாநிலங்களின் சில பகுதிகள், 1977 திருத்தத்துக்குப் பின் வளைகுடாக் கரைப்பக்கமுள்ள தமௌலிபாஸின் ஒரு பகுதி ஆகியவை அதில் அடங்கும். டெக்கீலா ஒழுங்குமுறைக் குழு 1994-இல் அமைந்தது. வயலில் கன்று நடுவதிலிருந்து பாட்டில் மூடி வரை கண்காணிப்பது அதன் வேலை. சாராயச் சத்து 35-இலிருந்து 55 சதவீதம் வரை இருக்கலாம். மெக்சிகோவுக்குள் 35, 38 என்று விற்கும் சரக்கே அமெரிக்காவுக்குப் போகும்போது 40 ஆகிறது, அங்கே அதற்குக் குறைந்தால் அனுமதி இல்லை என்பதால்.

சட்டம் சொல்வது இவ்வளவு. எப்படி வேகவைக்க வேண்டும், எதில் நசுக்க வேண்டும் என்று அது கட்டளையிடுவதில்லை. பாணிகள் பிறப்பது அந்த இடைவெளியில்தான்.

கற்றாழை முதிர ஐந்திலிருந்து எட்டு ஆண்டு ஆகும். ஹிமடோர் என்ற அறுவடைக்காரர் நீண்ட காம்பில் வட்டத் தகடு பொருத்திய ‘கோவா’வால் இலைகளைச் சீவித் தள்ள, அன்னாசி வடிவில் பெரிய தண்டு மிஞ்சும். இலை அடியை எவ்வளவு ஒட்டச் சீவுகிறார் என்பதே முதல் ருசித் தீர்மானம். பச்சை அதிகம் விட்டால் கசப்பும் புல்வாசமும் ஏறும். கற்றாழை விலை உச்சத்தில் இருக்கும் காலங்களில் இளம் செடிகளையும் வெட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட சரக்கில் நடுநாக்கு வெறுமையாக இருக்கும்.

அடுத்தது வேக்காடு. கற்றாழையின் சத்து நம் அரிசியின் மாவுச்சத்துபோல் அல்ல, அது ஃபிரக்டான் வகை. வெந்தால்தான் இனிப்பாக உடையும், உடைந்தால்தான் ஈஸ்ட் தின்னும். பழைய பாணியில் செங்கல் சூளைக்குள் தண்டுகளை அடுக்கி, ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள் வரை நீராவியில் வேகவிட்டு, பிறகு ஆறவைக்கிறார்கள். முதல் சில மணி நேரம் வடியும் சாறு இலை மெழுகோடு கசந்து வரும். அதை ஒதுக்கிவிடுவது நல்ல வீடுகளின் வழக்கம். அதற்குமுன் பூமிக்கடியில் குழி வெட்டி, கல்லையும் விறகையும் போட்டுச் சுட்டார்கள். டெக்கீலாவின் உறவான மெஸ்கால் இன்னும் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது, அதில் புகை மணப்பதும் அதனால்தான். டெக்கீலா பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக்கு மாறிப் புகையை விட்டது.

இரண்டாவது பாணி ஆட்டோக்ளேவ், அதாவது ராட்சத பிரஷர் குக்கர். மூன்று நாள் வேலை சில மணிகளில் முடிந்துவிடும். இதை இழிவாகப் பேசுவது ரசிகர்களிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. அழுத்தத்தைக் குறைத்துப் பொறுமையாக வைத்தால் சுத்தமான, பழவாசம் மிக்க பிளாங்கோ இதிலும் வரும். அழுத்தத்தை ஏற்றி விரட்டினால் கருகல் கசப்பு வரும். பழி பாத்திரத்தின் மேல் அல்ல, அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் மேல்.

மூன்றாவதான டிஃப்யூசர் விஷயத்தில் என்னால் அவ்வளவு தாராளமாக இருக்க முடியவில்லை. பச்சைக் கற்றாழையைத் துருவி, நகரும் பட்டையில் கொண்டுபோய், வெந்நீரைப் பீய்ச்சிச் சத்தைக் கழுவி எடுத்துவிடும் நீண்ட இயந்திரம் அது. சில ஆலைகளில் சத்தை உடைக்க அமிலமும் சேர்கிறது. சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் கிடைத்துவிடும், கணக்குப்பிள்ளைக்குக் கொண்டாட்டம். ஆனால் வேகவைப்பது சாறைத்தானே தவிரக் கற்றாழையை அல்ல. வெந்த தண்டின் தேன்மணம் கிளாஸில் இருக்காது, வோட்காவுக்குக் கொஞ்சம் மிளகு தூவியதுபோல் நிற்கும். இதுவும் ‘நூறு சதவீதம் அகாவே’ என்ற பட்டத்தோடுதான் கடைக்கு வருகிறது.

நசுக்குவதில் தஹோனா என்பதுதான் ஆதி முறை. வட்டமான பள்ளத்துக்குள் எரிமலைக் கல்லில் செதுக்கிய சக்கரம் சுற்றிவர, வெந்த கற்றாழை அதன் கீழ் நசுங்கும். காளை பூட்டிச் சுண்ணாம்புக் காரை அரைத்த நம் பழைய கொத்தனார்களின் கல் சக்கரத்தை நினைத்துக்கொண்டால் உருவம் சரியாக வரும். கல் இரண்டு டன் எடை இருக்கும். சியெத்தே லேகுவாஸின் எல் செந்தெனாரியோ கூடத்தில் கோவேறு கழுதைகள் இழுத்தன, மற்ற இடங்களில் மோட்டார் இழுக்கிறது. தஹோனா நாரை நசுக்குமே தவிரக் கிழிக்காது. சர்க்கரையில் கொஞ்சம் சக்கையிலேயே நின்றுவிடும். அந்தச் சக்கையையும் ஊறல் தொட்டியில் போட்டுப் புளிக்கவைக்கும் வீடுகளில் சரக்கு கனமாகவும் எண்ணெய்ப் பசையோடும் இறங்கும். கரும்பாலை மாதிரியான இரும்பு உருளைகள் சாறை இன்னும் முழுதாகப் பிழிந்தெடுக்கும், சரக்கும் இன்னும் துலக்கமாக இருக்கும். ஹெசூஸ் மரியாவிலுள்ள எல் பாண்டியோ வடிசாலையில் பொறியாளரான ஃபெலிப்பெ கமரேனா, பழைய இரும்பைக் கொண்டு தாமே ஒரு ராட்சத உருளை செய்துகொண்டார். ஃபிராங்கன்ஸ்டைனை ஒட்டி அதற்கு ‘ஃபெலிப்பெஸ்டைன்’ என்று பெயர். கல்லையும் இரும்பையும் பற்றிய சண்டையில் இரண்டு கட்சிக்கும் அது பதில்.

வடிப்பது வழக்கமாக இருமுறை. முதல் வடி ‘ஓர்தினாரியோ’. இரண்டாம் வடியில் தலையையும் வாலையும் வெட்டி நடுப்பகுதியைப் பிடிக்கிறார்கள். வெட்டும் இடம்தான் மாஸ்டரின் கையெழுத்து. செப்புக் கொப்பரை கந்தக நெடியை உள்வாங்கிக்கொள்ளும் என்பதால், எஃகில் வடிப்பவர்கள்கூட எங்காவது ஒரு செப்புச் சுருள் வைத்துக்கொள்கிறார்கள்.

இனி வீடுகள். கமரேனா குடும்பத்தை விட்டுவிட்டு டெக்கீலா சரித்திரம் எழுத முடியாது. 1937-இல் அராண்டாஸ் மேட்டில் தொடங்கிய லா அல்தேன்யாவை இன்று நடத்துபவர் கார்லோஸ் கமரேனா. ஃபெலிப்பெ அவருடைய சகோதரர். டெக்கீலா ஊரில் ஃபோர்த்தலேசாவின் கதை வேறு மாதிரி. 1873-இலிருந்து பெயர் பெற்ற சாவ்ஸா நிறுவனத்தைக் குடும்பம் 1976-இல் விற்றது. கையில் மிஞ்சிய சிறு வடிசாலை நெடுங்காலம் ஓடாமல் கிடந்தது. அதை அந்தக் குடும்பத்துப் பேரன் கியெர்மோ சாவ்ஸா உயிர்ப்பித்து 2005-இல் ஃபோர்த்தலேசாவைக் கொண்டுவந்தார். சூளை, தஹோனா, மரத்தொட்டி, சிறிய செப்புக் கொப்பரை என்று எதிலும் அவசரம் இல்லை. எர்ரதூரா, அமத்தித்தானிலுள்ள தன் பழைய பண்ணையில் காற்றில் வரும் ஈஸ்டையே நம்புகிறது. எல் அரெனாலின் காஸ்காவீனைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

பள்ளத்தாக்கு, மேட்டுநிலம் என்ற பிரிவுதான் எல்லோரும் முதலில் கற்பது. டெக்கீலா எரிமலையைச் சுற்றிய தாழ்நிலச் சரக்கில் மண்ணும் மிளகும், சுமார் 2,000 மீட்டர் உயரத்துச் செம்மண் மேட்டுச் சரக்கில் இனிப்பும் பூவும் பழமும் என்பார்கள். ஆரம்பத்துக்குச் சரிதான். ஆனால் பெரிய வீடுகள் இரு பக்கத்துக் கற்றாழையையும் வாங்கிப் பயன்படுத்துகின்றன, வடிசாலையின் முகவரி செடியின் முகவரி ஆகிவிடாது. மேட்டு வீடான எல் பாண்டியோவின் ஜி4 கனிமச் சுவையும் மிளகுமாக நாக்கைச் சுண்டுகிறது. தாழ்நில ஃபோர்த்தலேசாவோ வெண்ணெயும் எலுமிச்சைத் தோலும் உப்பில் ஊறிய ஆலிவுமாக வழுக்குகிறது. பாடத்தின்படி இரண்டும் நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்.

அதனால் ஒப்பிட நினைப்பவருக்கு நான் சொல்லும் வழி, ஊருக்கு ஊர் ஒப்பிடாமல் ஒரே வீட்டில் இரண்டு பாட்டில் எடுப்பது. மண்ணைத் தனியே ருசிக்க டெக்கீலா ஓச்சோ இருக்கிறது. தாமஸ் எஸ்டெஸும் கார்லோஸ் கமரேனாவும் சேர்ந்து தொடங்கியது அது. ஒரே வயலின் கற்றாழை, வயலின் பெயரும் ஆண்டும் லேபிளில் இருக்கும். செய்முறை மாறாமல் வயல் மட்டும் மாறும்போது வித்தியாசம் நிஜமாகவே தெரிகிறது. நீரின் பங்கை அறிய ஃபோர்த்தலேசாவின் 40 சதவீதப் பிளாங்கோவையும், அதே சரக்கை 46-இல் நிறுத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஊறல் தொட்டியின் பங்கை அறிய ஜி4-உம் மரத்தொட்டியில் புளித்த ஜி4 மதேராவும். கல்லா இரும்பா என்பதற்கு லா அல்தேன்யாவிலேயே விடை இருக்கிறது. ஒரே நோம் எண்ணில் எல் தெசோரோ தஹோனாவில் நசுங்கியது, தப்பத்தீயோ உருளையில். எல் தெசோரோவில் நீர் கலப்பதும் இல்லை, இரண்டாம் வடியைப் பாட்டிலின் அளவுக்கு இறங்கும்வரை நீட்டிப் பிடிக்கிறார்கள். அதனால் வாலின் கனம் கொஞ்சம் உள்ளே வந்துவிடுகிறது. மூக்கில் தப்பத்தீயோ துள்ளும், வாயில் எல் தெசோரோ தங்கும்.

உப்பும் எலுமிச்சையும் மேஜைக்கு வேண்டாம், பிரிட்ஜும் வேண்டாம். ஒழுங்குமுறைக் குழுவின் ஒப்புதலோடு ரீடல் நிறுவனம் 2002-இல் இதற்கென்று ஒல்லியான தண்டுக் கிளாஸ் ஒன்றைக் கொண்டுவந்தது. இல்லாவிட்டால் சிறிய வைன் கிளாஸ் போதும். மூக்கை உள்ளே புதைத்தால் சாராயம் சுட்டுவிடும், விளிம்பில் நிறுத்தி வாயைச் சற்றுத் திறந்துவைத்து முகர வேண்டும். பிறகு இரண்டு துளியை உள்ளங்கையில் தேய்த்துச் சாராயம் பறந்தபின் முகர்ந்து பார்க்கலாம். மிஞ்சுவது வெந்த கற்றாழையின் மணமா, கேக் கடை வெனிலாவா என்பது அங்கே தெளியும்.

வெனிலா ஏன் வரவேண்டும் என்பதுதான் இன்றைய பெரிய வழக்கு. கேரமல், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகிய நான்கையும் ஒரு சதவீதத்துக்குள் சேர்த்தால் லேபிளில் சொல்ல வேண்டியதில்லை என்பது முதிர்ந்த வகைகளுக்கு இருக்கும் சலுகை. பிளாங்கோவிலும் அது நுழைந்துவிட்டது என்பது ருசியாளர்களின் குற்றச்சாட்டு. சேர்ப்பு இல்லாத சரக்குக்குச் சான்று வழங்கக் கிளம்பிய தனியார் முயற்சியோடு ஒழுங்குமுறைக் குழு மோதவும் செய்தது. ஆனால் வெனிலா தெரிந்தாலே கலப்படம் என்று கூவுவதும் தவறு. 1996-இல் பென், பெப்பார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் டெக்கீலாவில் 175-க்கும் மேற்பட்ட சேர்மங்களைப் பிரித்தறிந்து, அவற்றில் ஐந்தை மணத்துக்கு மிக முக்கியமானவையாகக் குறித்தார்கள். வெனிலின் அந்த ஐந்தில் ஒன்று. அறிந்தவற்றைச் சேர்த்து டெக்கீலா மணத்தை உண்டாக்கவும் பார்த்தார்கள், வரவில்லை. சந்தேகத்துக்கு உரியது வெனிலாவின் அளவும் அதோடு வரும் பாகுப் பிசுபிசுப்பும்தான். வெந்த கற்றாழையின் இனிப்பு நடுநாக்கில் தோன்றி மிளகு ஏறும்போது விலகிவிடும். சேர்த்த இனிப்பு உதட்டில் தொடங்கி விழுங்கியபின்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்பவருக்குத் தப்பத்தீயோ 110-ஐச் சொல்வேன். 55 சதவீதம், சட்டம் அனுமதிக்கும் உச்சி. நேராகக் குடிக்க அல்ல. ஒரு கிளாஸில் ஊற்றிக்கொண்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். முதலில் மிளகு, பிறகு எலுமிச்சைத் தோல், 45-ஐ நெருங்கும்போது வெந்த தண்டின் தேன். 38-க்குக் கீழே போனால் எல்லாம் கலைந்து நீர்த்துவிடும்.