தமிழ்த் திரைப்படக் குறுந்தகடுகள்: படத்தரமும் ஒலித்தரமும்

தமிழில் பேசும் படங்கள் 1931 முதல் வெளிவருகின்றன. அவற்றுள் பழைய படங்களைத் திரையரங்கில் பார்க்கும் வாய்ப்பு இன்று மிகக் குறைவு. மாணவர்களும் ஆய்வாளர்களும் அவற்றை ஒளிநாடா, விசிடி, டிவிடி ஆகியவற்றின் வழியாகவோ, அவற்றிலிருந்து இணையத்தில் ஏற்றப்பட்ட படிகளின் வழியாகவோதான் அறிகின்றனர். இந்தப் படிகளில் பெரும்பாலானவற்றின் படமும் ஒலியும் மூலத்திற்கு நேர்மையானவையாக இல்லை. அக்குறைகள் எவை, எதனால் ஏற்பட்டன, அவற்றால் நாம் இழப்பது என்ன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

1980களில் ஒளிநாடாக் கருவி ஊர்களுக்குள் வந்தது. புதுச்சேரியின் கரையாம்புத்தூர் போன்ற சிற்றூர்களில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா என்றால் தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் ஓர் இரவு வாடகைக்கு எடுத்து வந்து, தெருவில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படங்கள் பார்ப்பது வழக்கம். படம் நடுவில் கோடு கோடாக ஓடினால் ஒருவர் எழுந்து போய்ப் பொத்தானைத் திருகுவார். அன்று யாரும் தரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. திரையரங்கில் பார்த்த படத்தை மறுபடி நினைவூட்டிக்கொள்ளவே அது பயன்பட்டது.

1990களின் இறுதியில் விசிடியும், அதன்பின் டிவிடியும் பரவின. 2000களின் பிற்பகுதியில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, வாடகைக்கு எடுத்த காலம் போய், படத்தை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் காலம் வந்தது. இங்கேதான் நிலைமை மாறுகிறது. திரையரங்கில் அப்படத்தைப் பார்த்திராத ஒரு தலைமுறைக்குக் குறுந்தகடே மூலப்படமாகிவிட்டது.

படத்தரக் குறைகள்

முதற்குறை நுணுக்கம் பற்றியது. விசிடியின் ஒரு சட்டகத்தில் 352க்கு 288 என்ற அளவில் ஏறத்தாழ ஒரு லட்சம் படப்புள்ளிகளே உள்ளன. டிவிடியில் 720க்கு 576. அதாவது நான்கு மடங்கு. புளூரேயில் இருபது லட்சத்திற்கும் மேல். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் பதிந்த முகபாவத்தை ஒரு லட்சம் புள்ளிகளுக்குள் அடைத்தால், தொலைவில் நிற்பவரின் கண்ணும் மூக்கும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது குறை இருளில் தெரிகிறது. எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த அந்த நாள் (1954) பாடல், நடனம், சண்டை எதுவுமில்லாத படம். ஒரு கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். யார் சொல்வது உண்மை என்ற ஐயத்தை வசனத்தைவிட நிழல்களே அதிகம் உணர்த்துகின்றன. மாருதி ராவின் ஒளிப்பதிவில் கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடையில் எத்தனையோ சாம்பல் நிலைகள் உண்டு. தரவைச் சுருக்கும்போது முதலில் பலியாவது இந்தச் சாம்பல் நிலைகள்தாம். சுருக்கும் முறை அருகருகே உள்ள ஒத்த நிழல்களை ஒரே கட்டமாக்கிவிடுகிறது. நான் பணியில் இருந்தபோது இப்படத்தை ஒரு விசிடியில் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். கால்மணி நேரத்தில் பின்வரிசையிலிருந்து, "சார், ஒண்ணுமே தெரியல சார்" என்று குரல் வந்தது. பழைய படம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று வேறொரு மாணவன் அவனுக்கு விளக்கம் சொன்னான். அந்த விளக்கம்தான் என்னை வருத்தியது. குறுந்தகட்டின் குறையை அவன் ஒளிப்பதிவாளரின் கணக்கில் எழுதிவிட்டான்.

வண்ணப்படங்களும் இதற்கு விலக்கல்ல. நாயகன் (1987) படத்திற்காக பி.சி. ஸ்ரீராம் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருது பெற்றார். முகத்தின் ஒரு பாதியை இருளில் விட்டுவிடும் துணிவு அப்படத்தின் அழகு. தரமற்ற படியில் அந்த இருள் கட்டங்கட்டமாக நெளியும். அல்லது, 'பளிச்'சென்று தெரியவேண்டும் என்பதற்காக ஒளியைக் கூட்டிவிட்டிருப்பார்கள். இரண்டுமே படத்தைச் சிதைப்பவைதாம்.

மூன்றாவது குறை சட்டகத்தின் வடிவம். ராஜ ராஜ சோழன் (1973) தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். சினிமாஸ்கோப் சட்டகத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரையோ 1.33 மடங்குதான். அகலப் படத்தை அத்திரை முழுவதும் நிரம்பும்படி வெட்டினால் நூற்றுக்கு 43 பங்கு படம் வெளியே போய்விடும். இரண்டு ஓரங்களில் நின்று இருவர் பேசும் காட்சியில், நடுவிலுள்ள தூணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம். வெட்டாமல் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டுப் பதிந்த தகடுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. டிவிடியின் 576 வரிகளில் படத்திற்குக் கிடைப்பவை ஏறத்தாழ 327 மட்டுமே. அத்தகட்டை இன்றைய அகலத் திரையில் போட்டால் நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் கட்டிய சிறு படமாகத் தெரியும்.

நான்காவது குறை நிறம். ஈஸ்ட்மன் கலர் படிகளில் நாளடைவில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும். எஞ்சும் படம் இளஞ்சிவப்பாகிவிடும். அவ்வாறு மங்கிய திரையரங்கப் படியை எடுத்து, நிறத்தைச் சரிசெய்யாமலே தகட்டில் ஏற்றினால், வானமும் புல்லும் ஒரே நிறத்தில் இருக்கும்.

இவற்றோடு, படம் முழுவதும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் நிறுவனச் சின்னம், பாடலுக்கு நடுவே ஓடும் விளம்பர வரி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒலித்தரக் குறைகள்

படத்தின் குறையைக் கண் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஒலியின் குறையோ பொருளையே மறைக்கும். வசனத்திற்காகவே வாழும் படங்கள் தமிழில் மிகுதி என்பதால் இது கூடுதல் கவனத்திற்குரியது.

திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுவது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் முறையில் நொடிக்கு 25. எனவே படத்தைச் சற்று விரைவாக ஓட்டிப் பதிவு செய்வது வழக்கமாயிற்று. 150 நிமிடப் படம் 144 நிமிடங்களில் முடிந்துவிடும். ஒலியைத் தனியே சரிசெய்யாவிட்டால் குரலின் சுருதியும் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். பாடலை ஆர்மோனியத்தில் வாசித்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும்: ஒலித்தட்டில் ஒரு கட்டையில் இருக்கும் பாடல், படத்தில் எந்தக் கட்டையிலும் நிற்காது.

அடுத்தது இரைச்சல். பழைய படங்களின் ஒலி, படச்சுருளின் ஓரத்திலேயே ஒளிக்கோடாகப் பதிந்திருக்கும். அதில் படிந்த தூசும் கீறலும் சரசரப்பாகக் கேட்கும். அதை நீக்குகிறோம் என்று மேல் அலைவரிசைகளை முழுவதும் வெட்டிவிட்டால், சரசரப்போடு 'ச', 'ஸ', 'ஷ' ஒலிகளின் கூர்மையும் போய்விடும். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வசனம் கேட்கும். ஓரளவு சரசரப்புடன் தெளிவாகக் கேட்கும் குரலே இதைவிட மேலானது.

மூன்றாவது, மேலட்டையில் அச்சிடப்படும் '5.1 ஒலி' என்ற வாசகம். தமிழில் டால்பி நுட்பத்தைப் பயன்படுத்திய முன்னோடிப் படங்களுள் ஒன்று குருதிப்புனல் (1995). அதற்குப் பல ஆண்டுகள் முந்தைய ஒற்றைத் தடப் படத்தின் தகட்டில் '5.1' என்று இருந்தால், அது பின்னால் செயற்கையாகப் பிரிக்கப்பட்டது என்று பொருள். ஒரே ஒலியை ஆறு திசைகளில் எதிரொலிக்க விடுவதால் பேசுபவர் கிணற்றுக்குள் நிற்பதுபோல் தோன்றும். சிலவற்றில் கத்திச் சண்டைக்கும் குதிரைக் குளம்புக்கும் புது ஒலி சேர்த்திருப்பார்கள். சேர்ப்பது தவறென்று சொல்லவில்லை. பழைய ஒலியையும் தெரிவுக்கு வைக்காமல் சேர்ப்பது தவறு.

காரணங்கள்

'பழைய படம்' என்பது இவற்றுக்குப் போதிய விடை ஆகாது. காரணங்களை மூன்றாகப் பகுக்கலாம்.

ஒன்று, மூலப்படி. படம் முதலில் எதிர்ச்சுருளில் பதிகிறது. அதிலிருந்து இடைப்படிகளும், அவற்றிலிருந்து திரையரங்கப் படிகளும் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் குறையும். எதிர்ச்சுருளைத் தேடாமல், ஊர் ஊராக ஓடித் தேய்ந்த திரையரங்கப் படியிலிருந்தே பெரும்பாலான பதிவுகள் செய்யப்பட்டன. பின்னர் வந்த டிவிடிகள் பலவும் புதிதாகப் படச்சுருளை நாடவில்லை. ஒளிநாடாக் காலத்துப் பதிவையே மாற்றிப் பதிந்தன.

இரண்டு, இடநெருக்கடி. 'மூன்று படம் ஒரே தகட்டில்' என்ற விற்பனை முறையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைட். அதில் 150 நிமிடப் படம் ஒன்றை வைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 42 லட்சம் பிட்டுகள் கிடைக்கும். மூன்று படங்களை வைத்தால் 14 லட்சம். விசிடியில் படத்திற்கும் ஒலிக்கும் சேர்த்துக் கிடைப்பதும் ஏறத்தாழ அதே 14 லட்சம்தான்! நான்கு மடங்கு புள்ளிகளை விசிடியின் தரவளவுக்குள் திணித்தால் என்னவாகும்? பேருந்து பெரிது என்று சொல்லி நான்கு பேருந்துக் கூட்டத்தை ஏற்றிய கதைதான்.

மூன்று, உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அந்த நாள் போன்ற படங்கள் இன்று பொதுவுடைமை. உரிமை உள்ள காலத்தில் உரிமையாளர் செலவிடத் தயங்குகிறார். உரிமை முடிந்தபின் யாரும் வெளியிடலாம் என்பதால் எவரும் பொறுப்பேற்பதில்லை.

மலிவு விலையின் நியாயம்

மறுபக்கத்தையும் சொல்வது நேர்மை. 34 ரூபாய்க்குக் கிடைத்திராவிட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பல படங்களைப் பெயரளவில்கூட அறிந்திருக்க மாட்டார்கள். எந்த நிறுவனமும் அந்த விலையில் ஒவ்வொரு படத்தையும் புதிதாக மீட்டெடுக்க முடியாது என்பதும் உண்மை. ஆயினும், சட்டகத்தை வெட்டாமலிருப்பதற்கும், சின்னம் ஒட்டாமலிருப்பதற்கும், ஒற்றைத் தடத்தை ஒற்றைத் தடமாகவே விடுவதற்கும் கூடுதல் செலவு இல்லை. மேற்சொன்ன குறைகளில் பாதி, செய்ததால் வந்தவை. செய்யாமல் விட்டிருந்தாலே படம் தப்பித்திருக்கும்.

முன்மாதிரிகள்

சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்கள் மூன்றின் எதிர்ச்சுருள்கள் 1993இல் இலண்டனில் ஏற்பட்ட தீயில் சேதமடைந்தன. கருகிய சுருள்களிலிருந்தும், பிற நாடுகளில் கிடைத்த படிகளிலிருந்தும் சட்டகம் சட்டகமாக மீட்டு, 2015இல் புதிய படிகள் வெளியிடப்பட்டன. எந்தப் பகுதி எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் மீட்டவர்கள் விளக்கினர்.

தமிழிலும் முயற்சிகள் உண்டு. கர்ணன் (1964) மின்னணு முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் திரையரங்குகளுக்கு வந்து வெற்றி பெற்றது. வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) 2015இல் வந்தது. நல்ல படியைக் காட்டினால் மக்கள் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்பதற்கு இவை சான்று. தொழில்நுட்பத்திற்கும் குறைவில்லை. சென்னையின் பிரசாத் நிறுவனம் வெளிநாட்டுப் படங்களையே மீட்டெடுத்துக் கொடுக்கிறது.

எதிர்முனையில் பாலு மகேந்திரா நிற்கிறார். வீடு (1988), சந்தியா ராகம் (1989) ஆகிய தம் படங்களின் எதிர்ச்சுருள்கள் அழிந்துவிட்டன என்று அவர் வாழ்நாளிலேயே வருந்திச் சொன்னார். 2014இல் அவர் மறைந்தார். ஒளிப்பதிவுக்காகவே போற்றப்பட்ட ஒரு கலைஞரின் படங்களைக் கிடைத்த படிகளைக் கொண்டே நாம் மதிப்பிட வேண்டியிருக்கிறது. மோசமான தகடு ஒரு நாள் ஒரே தகடாகிவிடலாம் என்பதை இது உணர்த்துகிறது.

பதிப்பு நெறி

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார். ஏடு சிதைந்திருந்த இடத்தில் தாமாக ஒரு சொல்லை இட்டு நிரப்பிவிட்டு நகரவில்லை. அந்த மரபுக்குச் சொந்தக்காரர்கள், திரைப்படம் என்றவுடன் எந்த ஏடு என்று கேட்பதையே மறந்துவிட்டோம். குறுந்தகடும் இணையப்படியும் பதிப்புகளே. ஒவ்வொன்றும் எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது, சட்டகத்தின் அளவு என்ன, மூல ஓட்டநேரம் எவ்வளவு, ஒலி மாற்றப்பட்டதா என்ற நான்கு செய்திகளை அட்டையில் அச்சிட்டால் போதும். அது ஒரு பதிப்புரையாக அமையும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

இன்று தகட்டுக் கடைகள் அநேகமாக மூடப்பட்டுவிட்டன. ஆனால் அதே பழைய பதிவுகள் 'எச்டி', '4கே' என்ற பெயர்களில் இணையத்தில் உலவுகின்றன. புள்ளிகளைக் கணினியால் பெருக்கினால் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது. முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகும். எனவே ஒரு படத்தின் ஒளிப்பதிவையோ ஒலிப்பதிவையோ பற்றி எழுதுமுன் பின்வருவனவற்றைச் சோதிப்பது நன்று.

தலைப்பு எழுத்துகள் ஓரங்களில் வெட்டுப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். வெட்டுப்பட்டிருந்தால் படம் முழுவதும் வெட்டுப்பட்டிருக்கும். ஓட்டநேரத்தைப் பதிவான மூல ஓட்டநேரத்துடன் ஒப்பிட வேண்டும். 25இல் ஒரு பங்கு குறைந்தால் அது வேக மாற்றம். அதற்கும் மேல் குறைந்தால் காட்சிகள் விடுபட்டுள்ளன. பாடலைத் தனி ஒலித்தட்டுடன் ஒப்பிட்டுச் சுருதியை அறியலாம். கிடைக்கும் படிகளில் இரண்டையாவது பார்க்க வேண்டும். கட்டுரையில் எந்தப் படியைப் பார்த்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

அந்த ஒரு வரி இருந்தால், பின்னாளில் நல்ல படி கிடைக்கும்போது வாசிப்பவர் நம் தீர்ப்பைத் திருத்திக்கொள்ள முடியும். அன்று என் வகுப்பில் நான் அதைச் சொல்லத் தவறினேன். படத்தை நிறுத்திவிட்டு, 'இது அந்த நாள் அல்ல, அதன் கெட்டுப்போன ஒரு படி' என்று சொல்லியிருக்க வேண்டும்.