வலி ஒரு வரமா?

சூடான பாத்திரத்தில் கை பட்டதும் விரலை இழுத்துக்கொள்கிறோம், வலியைச் சபிக்கிறோம். அந்த வலியே இல்லாதவனின் கதி என்ன? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் அனுபவத்தால் விடையளித்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் இவர். பிலிப் யான்சியுடன் சேர்ந்து இவர் எழுதி 1993-இல் வெளிவந்த, 'வலி: யாரும் விரும்பாத பரிசு' என்று பொருள்படும் ஆங்கில நூலை இங்கு நோக்குவோம்.

தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. நரம்பு பழுதுற்று உணர்ச்சி போய்விடுவதால், சூடும் வெட்டும் தெரியாமல் காயமுற்றுக் குறைகின்றன. பிராண்ட் இதைப் படிப்படியாகக் கண்டறிந்த விதத்தை நூல் துப்பறியும் கதைபோல் விவரிக்கிறது. மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, நல்ல தசையொன்றின் நாணை அவர் இடம் மாற்றிப் பொருத்தினார். ஆனால் அறுவை பாதி வேலைதான். அத்தசையைப் புதிய வேலைக்குப் பழக்க, வாரக்கணக்கில் பயிற்சி தேவை. அப்பயிற்சியைத் தருவதே பிசியோதெரபி என்னும் இயன்முறை மருத்துவம்.

வளைபாதத்துடன் பிறந்த குழந்தைகளைப் பற்றிய பகுதி மிகச் சிறப்பானது. தாய் பாலூட்டும்போது பிராண்ட் பாதத்தை மெல்லத் திருப்புவார். குழந்தை அழுதால் எல்லை மீறிவிட்டது என்று பொருள். அதற்குச் சற்று முன்பே நிறுத்தி மாவுக்கட்டுப் போடுவார். பலவந்தமாகத் திருப்பிய பாதங்கள் பிற்காலத்தில் விறைத்துப்போயிருந்ததை அவர் கண்டிருந்தார். இங்கே வலியே அளவுகோல்.

இயற்பியல் ஆசிரியனாகிய என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. உணர்ச்சியற்ற கைகளுக்கு மின்னணுக் கருவியால் செயற்கை வலி அளிக்க அவர் அமெரிக்காவில் முயன்றார். அழுத்தம் மிகுந்தால் ஒலி எழும். அது பயன்படாதபோது மின்னதிர்ச்சி. நோயாளிகளோ, வேலை முடியும்வரை இணைப்பைத் துண்டித்துவிட்டனர்! அழுத்தத்தை அளப்பது எளிது. அதை மீற முடியாத கட்டளையாக்குவது அரிது.

இனிக் குறைகள். வலி ஓர் எச்சரிக்கை மணி என்கிறது நூல். நெருப்பு அணைந்த பின்னும் மணி ஓயாமல் அடித்தால்? அக்கிக்குப் பின்னும், சர்க்கரை நோயிலும் வரும் நரம்பு வலி அத்தகையது. நாட்பட்ட முதுகுவலியிலும், முதலில் பட்ட காயம் ஆறிய பின் நரம்பு மண்டலமே வலியைப் பெருக்கிக் காட்டுவதுண்டு. நாட்பட்ட வலியைப் பற்றி நூல் பேசாமல் இல்லை. ஆயினும் மனப்பாங்குக்குத் தரும் அழுத்தத்தை உடற்பயிற்சிக்குத் தரவில்லை. இவ்வகை முதுகுவலியில், வலித்ததும் படுத்துவிடுவது தவறான வைத்தியம். சிறிது வலித்தாலும், அளவாகத் தொடங்கி நாளுக்கு நாள் அசைவைக் கூட்ட வேண்டும். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையும் நாட்பட்ட இடுப்புவலிக்குத் திட்டமிட்ட உடற்பயிற்சியையே பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் அன்று. ஆனால் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இரண்டாவது குறை பெரிது. மேலைநாட்டார் வலிக்கு அஞ்சி ஓடுகின்றனர். இந்தியர் அமைதியாகத் தாங்குகின்றனர் என்று நூல் வியக்கிறது. அருப்புக்கோட்டையில் குழித்தறியில் பொழுதெல்லாம் குந்தியிருக்கும் நெசவாளியையும், திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேல முள் வெட்டிக் கரிமூட்டம் போடும் பெண்ணையும் எண்ணிப் பாருங்கள். வலியின் சொல்லைக் கேட்டு ஒருநாள் ஓய்ந்தால் அன்றைய கூலி இல்லை. பிசியோதெரபிக்குப் பத்து முறை வரச் சொன்னால், பத்து நாள் கூலியும் பஸ் கட்டணமும் போகும். நாம் பொறுமை என்று போற்றுவதில் ஒரு பங்கு வேறு வழியின்மையே. வேலை முடியும்வரை இணைப்பைத் துண்டித்த அந்த நோயாளிகளை இவர்கள் நினைவூட்டவில்லையா?

இதற்கு விடை மனப்பாங்கில் இல்லை. சிகிச்சை ஊரைத் தேடி வருவதில் இருக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது. அப்படி வருபவர் கற்றுத்தரும் நான்கு பயிற்சிகளை நோயாளி நாள்தோறும் தாமே செய்வாரானால், எந்த மின்கருவியையும்விட அது பெரிது.

நூலைக் கட்டாயம் படியுங்கள். உணர்ச்சியற்ற கையின் துயரம் புரியும். ஆனால் வலியால் துடிப்பவரிடம் போய் 'இது வரம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.