கஃசுப் புழுதியும் பிடி எருவும்: உழவு அதிகாரத்தின் இரு குறள்களை மண்ணியல் நோக்கில் வாசித்தல்

திருக்குறளின் 104ஆம் அதிகாரமாகிய உழவில் 1037ஆம் குறள், வேளாண் அறிவியல் சார்ந்த திறனாய்வுகளில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் இன்றிப் பயிர் செழிக்கும் என்பது அதன் பொருள். இதனை இற்றை மண்ணியலின் முன்னறிவிப்பாகக் கொள்ளும் கட்டுரைகள் பலவும் 'கஃசு' என்னும் அளவினை நிறுத்துப் பார்ப்பதில்லை.

பரிமேலழகர் தொடியைப் பலம் என்றும், கஃசைப் பலத்தின் நாலில் ஒன்று என்றும் கொள்வார். அவ்வளவை நேர்ப்பொருளில் எடுத்தால், ஈரமண்ணின் எடையில் முக்கால் பங்கு நீராக இருத்தல் வேண்டும். அதாவது உலர்மண்ணைப் போல் மும்மடங்கு நீர். நீர் முழுதும் நிறைந்த களிமண்ணில்கூட நீரின் எடை உலர்மண்ணின் எடையைத் தாண்டுவது அரிது. மும்மடங்கு நீரைத் தாங்குவது மட்கிய தாவரப் பொருளாலான சதுப்பு மண்ணே. அது புன்செய் உழவனின் மண் அன்று. ஆகவே கஃசு என்பதை உயர்வு நவிற்சியாகக் கொள்வதே பொருந்தும். மண் முற்றக் காய வேண்டும் என்பதற்கு மேல் அதில் ஆய்வக அளவு எதுவும் இல்லை.

காய்தலின் பயன் மட்டும் கற்பனையன்று. கென்யாவில் பணியாற்றிய பெர்ச் 1958இல் வெளியிட்ட ஆய்வு, உலர்ந்த மண் மீண்டும் நனையும்போது மட்கு விரைந்து சிதைந்து, பயிர் கொள்ளத்தக்க தழைச்சத்து வெளிப்படுவதைக் காட்டியது. கோடை உழவுக்குப் பின் முதல் மழையில் பயிர் கறுத்து எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அத்தழைச்சத்து புதிதாகப் பிறந்ததன்று. மண்ணில் முன்பே இருந்த கரிமப் பொருளிலிருந்து எடுக்கப்பட்டது. எருவின் இடத்தை உழவு நிரப்பவில்லை. பழைய எருவின் இருப்பைச் செலவிடுகிறது.

ஐரோப்பாவிலும் இம்மயக்கம் நிகழ்ந்தது. 1730களில் இங்கிலாந்தின் ஜெத்ரோ டல், நுண்ணிய மண் துகளே பயிரின் உணவு என்று கருதி, நன்கு கிளறிய நிலத்துக்கு எரு வேண்டுவதில்லை என வாதிட்டார். அதற்கு விடை போல் அமைந்தது ராத்தம்ஸ்டெட் நிலையத்தின் பிராட்பாக் வயல். 1843 முதல் அங்குக் கோதுமை பயிரிடப்படுகிறது. உழப்பட்டும் எருவோ உரமோ பெறாத பகுதி எக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் விளைச்சலிலேயே நிற்கிறது. தொழுவுரம் பெற்ற பகுதியின் மண்ணில் கரிமம் அதைவிட இருமடங்குக்கும் மேல்.

இவ்விடத்தில் 1038ஆம் குறள் முதன்மை பெறுகிறது. உழுதலினும் எருவிடுதல் நன்று என்கிறது அது. களையெடுப்பையும் சேர்த்துச் சொல்லி, நீரினும் காவல் நன்று என்று தொடர்கிறது. முன்னைக் குறளில் எருவை வேண்டாததாக்கிய நூல், மறு குறளிலேயே அதனை உழவுக்கு மேல் வைக்கிறது. முதலாவது உழவின் சிறப்பை மிகுத்துக் கூற, இரண்டாவது தொழில்களை ஒப்பிட்டு நிறுக்கிறது எனக் கொண்டால் முரண் நீங்கும். முதற்குறளை மட்டும் பெயர்த்தெடுத்து ஆழ உழவுக்குச் சான்று காட்டுவோர் இந்நிறுவையை இழந்துவிடுகின்றனர். இதை நூலின் குறை என்று சொல்வதற்கில்லை.

எதிர்த்தரப்பினரும், அதாவது உழவே வேண்டாம் என்போரும், இதே அவசரத்தைக் காட்டுகின்றனர். 2015இல் நேச்சர் இதழில் பிட்டல்கோவும் குழுவினரும் 610 ஆய்வுகளிலிருந்து 5,463 ஒப்பீடுகளைத் தொகுத்தனர். உழவில்லாச் சாகுபடியில் விளைச்சல் சராசரியாக 5.7 விழுக்காடு குறைந்திருந்தது. பயிர் எச்சத்தை நிலத்திலேயே விட்டு, பயிர்ச்சுழற்சியும் மேற்கொண்ட வறண்ட மானாவாரி நிலங்களில் மட்டும் 7.3 விழுக்காடு கூடியிருந்தது. கரிமச் சேமிப்புக் கணக்கிலும் ஐயம் உண்டு: 2007இல் பேக்கர் முதலியோர், பல ஆய்வுகள் மேல் 30 செ.மீ. மண்ணையே அளந்தன என்றும், ஆழமாக அளந்தவற்றில் உழவில்லா நிலத்தின் கரிம மிகுதி சீராகப் புலப்படவில்லை என்றும் சுட்டினர்.

இவற்றோடு வைத்து நோக்கின், 1037ஆம் குறளின் களம் புழுதி உழவே என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. நெல்லுக்குரிய சேற்றுழவு வேறு. நீர் கீழிறங்காமல் காக்க மண்ணின் கட்டமைப்பைக் குலைப்பதே அங்கு நோக்கம். அடியில் இறுகும் தட்டு நெல்லுக்கு உதவி, அடுத்து விதைக்கும் பயறின் வேரைத் தடுக்கிறது. தஞ்சைச் சேற்றுவயலுக்கும் கோவில்பட்டிக் கரிசலுக்கும் இக்குறளை ஒருங்கே மேற்கோளாக்கும் உரைகள், 'புழுதி' என்ற சொல்லையே வாசிக்கத் தவறியவை.