அக்கரையும் இக்கரையும்: ஒரு படக்கதைத் தொகுப்பின் சுட்டுகள்

பல கதைத்தொடர்கள் ஒரே பெருநிகழ்வில் வந்து கூடும் அமைப்பைச் சூப்பர் ஹீரோ படக்கதை உலகம் 'கிராஸ்ஓவர்' என வழங்கும். அதன் கிளையாக அமையும் தொகுப்பைத் தனி நூலாக வாசிக்கும்போது, அதிலுள்ள சுட்டுகள் பல நூலுக்கு வெளியே நிற்கும் பொருளைக் குறிப்பதைக் காணலாம். ஜி. வில்லோ வில்சன் எழுதி, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்த 'மிஸ் மார்வெல்' வரிசையின் நான்காம் தொகுப்பு 'லாஸ்ட் டேஸ்' (2015) இவ்வகையில் ஆராயத்தக்கது.

ஜோனதன் ஹிக்மன் எழுதிய 'சீக்ரெட் வார்ஸ்' முதல் இதழில் (2015) இரண்டு பூமிகள் மோதி அழிகின்றன. 'லாஸ்ட் டேஸ்' அம்மோதலுக்கு முந்தைய சில மணி நேரத்தை மட்டுமே கூறுகிறது. மோதலின் காரணம் இதில் விளக்கப்படவில்லை. மன்ஹாட்டன் வானில் இன்னொரு பூமி தொங்குகிறது. ஹட்சன் ஆற்றின் இப்பால், ஜெர்சி சிட்டியில், பாகிஸ்தானிய அமெரிக்கச் சிறுமி கமலா கான் கடத்தப்பட்ட தமையன் ஆமிரைத் தேடுகிறாள். அவள் பயிலும் பள்ளி மக்களுக்கு அடைக்கலமாகிறது. பெருநிகழ்வு அக்கரையில், கதை இக்கரையில்.

ஹாலிடேயும் ஹசனும் 1976இல் வெளியிட்ட நூலில், பனுவலுக்கு வெளியே சுட்டும் சொல் பனுவலைப் பிணைப்பதில்லை என்றனர். இத்தொகுப்பு அக்கருத்துக்கு நெருக்கடி தருகிறது. தாயிடம் தன் மறைவாழ்வைச் சொல்ல வரும் கமலா, தாய் அதை முன்பே அறிந்திருப்பதைக் காண்கிறாள். நண்பன் புரூனோ தன் காதலைச் சொல்லிவிடுகிறான். வேறொரு நாளில் இவை உதிரிக் காட்சிகளாகவே நின்றிருக்கும். வெளியே தொங்கும் அக்கோளே இவற்றை ஒரு நூலாகக் கட்டுகிறது.

மொழிபெயர்ப்பாளரின் இடர் இங்குத்தான். ஆங்கிலத்தின் 'இட்' தொலைவைக் காட்டாது. தமிழிலோ 'அது', 'இது' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். அழிவு நெருங்க நெருங்க 'இது' என மாற்றத் தோன்றும். அம்மாற்றம் பிழையாகும், நூலில் நிகழாத மோதலை அது நிகழ்ந்ததாகக் காட்டிவிடும். கடைசிவரை அகரச் சுட்டே நிற்பது பொருந்தும். 'சீக்ரெட் வார்ஸ்' கதையை அடிக்குறிப்பில் சொல்வதும் வேண்டாத உதவியே. கமலாவுக்கும் அக்கதை தெரியாது.

உறவுச்சொல்லின் இடர் வேறுவகை. கமலா தாயை 'அம்மி' என உருதுவில் விளிக்கிறாள். தமிழ் எழுத்தில் அது அரைக்கும் கல்லாகிவிடுகிறது! 'உம்மா' என்றால் தமிழ் முஸ்லிம் இல்லம் வந்து நிற்கும்; 'அம்மா' என்றால் உருது மறையும். முதல் வழக்கிலேயே சூழலால் பொருளை உணர்த்தி, 'அம்மி'யைக் காப்பதே இழப்புக் குறைந்த வழி எனலாம்.

தொகுப்பின் குறை அதன் வைப்புமுறையில் உள்ளது. 2014இல் வெளிவந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 7, 8 இதழ்களின் கதை நூலின் இறுதியில் இணைக்கப்பட்டுள்ளது. உலகின் இறுதி மணிகளைக் கடந்து வந்த வாசகர் உடனே பழையதொரு சாகசத்துள் தள்ளப்படுகிறார். தமிழ்ப் பதிப்பு வருமாயின் அப்பகுதியை முன்னே வைத்தல் நன்று.