சென்னிகுளத்து வேகம்

பங்க் ராக் என்றால் கிழிந்த சட்டை, சிலிர்த்த தலைமுடி, மூன்றே கார்டு வாசிக்கும் கிட்டார். 1976இல் வந்த ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு; அரை மணிக்குள் முடிந்துவிடும். அந்த அவசரம் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்தில் புதிதல்ல. அருகே சென்னிகுளத்தில் பிறந்து, முப்பதைத் தொடாமலே மறைந்த அண்ணாமலை ரெட்டியார், 19ஆம் நூற்றாண்டிலேயே காவடிச் சிந்தை அப்படி ஓடவிட்டார்.

உ.வே.சா.விடம் பாடம் கேட்டவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரித்த புலவர். பங்க் பாடகர்கள் முகம் சுளிக்கும் தகுதிகள்தாம்! ஆனால் அவர் எழுதியது கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடக்கிறவனின் காலுக்காக. அடி நீண்டு போகும். நடுவே குட்டிக் குட்டித் துண்டுகளாக உடையும். ஒவ்வொரு துண்டும் இயைபில் இடித்து நின்று அடுத்ததைத் தள்ளிவிடும். மூச்சு வாங்க இடம் தேடுவது பாடுகிறவர் பாடு. மோனை விழும் இடத்தில் தவில்காரர் கை தானாக இறங்கும். பண்டிதத் தமிழ்ச் சொற்கள்கூட அந்த ஓட்டத்தில் குதித்துக்கொண்டு போகின்றன.

புத்தகத்தில் வாசித்தால் பாதிதான் கிடைக்கும். கச்சேரியின் கடைசியில் துக்கடாவாகப் பாடும்போதும் சிந்து ரொம்பச் சாதுவாகிவிடுகிறது. மேளத்தோடு, வெயிலில், தெருவில் கேட்கவேண்டிய சரக்கு அது.