ஆல்காட்டின் 'பௌத்த வினாவிடை': நிர்வாணமும் மறைஞானமும்

1875இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தோருள் ஒருவரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் (1832–1907), தம் பிற்கால வாழ்வைப் பெரிதும் சொற்பொழிவுப் பயணங்களில் கழித்தவர். அவருடைய 'பௌத்த வினாவிடை' (1881) குறித்த மதிப்பீடுகளில் ஸ்டீபன் புரோதரோவின் கருத்து செல்வாக்கு மிக்கது. ஆல்காட் வகுத்த சமயத்தின் சொற்கள் பௌத்தத்திற்குரியவை. அதன் இலக்கணமோ புராட்டஸ்டண்ட் கிறித்தவத்திற்குரியது என்பது அக்கருத்தின் சாரம். வினாவிடை என்னும் வடிவமே மிஷனரிமாரிடமிருந்து பெறப்பட்டதாதலின் இதனை எளிதில் மறுக்க இயலாது. ஆயினும் நூல் உருவான முறையை நோக்கினால், இவ்விளக்கம் இரண்டு செய்திகளைப் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை எனலாம்.

முதலாவது, ஹிக்கடுவே சுமங்கல தேரரின் பங்கு. ஆங்கில, பிரெஞ்சு மொழிபெயர்ப்புகளைக் கற்று ஆல்காட் எழுதிய வரைவைத் தேரர் சொல் சொல்லாகப் பரிசீலித்தார். நிர்வாணத்தில் ஏதோ ஒருவகை இருப்பு எஞ்சுமா என்பதில் பௌத்தரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்ற பொருளில் அமைந்த விடையைத் தேரர் ஏற்கவில்லை. திருத்தாவிடில் தம் சான்றிதழைத் திரும்பப் பெறுவதாகவும் கூறினார். ஆல்காட் பணிந்தார். ஆல்காட் தம் நாட்குறிப்பு நூலில் தாமே பதிவுசெய்துள்ள இந்நிகழ்ச்சி, இறுதி வடிவத்தைத் தீர்மானித்தவர்களுள் இலங்கைத் துறவியும் ஒருவர் என்பதைத் தெளிவாக்குகிறது. அவரை வெறும் சான்றிதழாளராகக் குறுக்குவது பிழை.

இரண்டாவது, மறைஞானம். 1882இல் காலி நகரில் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கைதடவிச் சிகிச்சை அளித்த பின்னர், ஆல்காட்டின் பயணங்களில் சொற்பொழிவோடு 'மெஸ்மரிச' மருத்துவமும் இணைந்தது. இவ்வனுபவத்தின் தடம் நூலின் பிற்காலப் பதிப்புகளில் வெளிப்படையாகவே உள்ளது. பௌத்தமும் விஞ்ஞானமும் பற்றிய பகுதியில் புத்தரின் திருமேனி ஒளி, உடலைச் சூழ்ந்த ஒளிவட்டமாக விளக்கப்படுகிறது. சித்திகள் மனோவசியத்தின் துணைகொண்டு பொருள்கொள்ளப்படுகின்றன. நிர்வாண விடையில் இடம் பெறாத பிரம்மஞான நோக்கு, விஞ்ஞானம் என்ற பெயரில் நூலின் இறுதியில் நுழைந்துவிட்டது. இதனைப் புராட்டஸ்டண்ட் இலக்கணம் என்று மட்டும் சொல்லி முடிக்க இயலுமா?

தமிழாய்வுக்கும் இக்கேள்வி அயலானதன்று. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டின் துணையுடன் கொழும்பு சென்று சுமங்கல தேரரைச் சந்தித்தார். ஆனால் பண்டிதர் பின்னர் எழுதிய பௌத்தம் தமிழ் இலக்கியங்களையும் வழக்காறுகளையும் சான்றாகக் கொண்டது. ஒளிவட்டத்திற்கோ மனோவசியத்திற்கோ அதில் முதன்மையில்லை. ஆல்காட்டை அவருக்கு வழிகாட்டியாக எழுதுவோர், 'பௌத்த வினாவிடை'யையும் 'ஆதிவேத'த்தையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும்.