ஊசி நின்ற கண்ணி

திருவொற்றியூர் தேரடியை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு டி.டி.பி. கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, மனு, பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று எந்நேரமும் நாலு பேர் நிற்பார்கள். ஆண்டு விழா அழைப்பிதழ் ஒன்றைத் திருத்த நானும் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்தேன். திரையில் ‘பரிசளிப்பு’ என்று இருந்தது. என் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கடையை நடத்தும் அம்மா மட்டும் நெற்றியைச் சுருக்கினார். கர்சரைப் பகரத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். வலதுபக்க அம்புக்குறி விசையை ஒரு தட்டுத் தட்டினார். கோடு ‘ப’வைத் தாண்டி, ‘ரி’யையும் சேர்த்துத் தாண்டி, சகரத்தின் முன்னால் போய் நின்றது.

“பாத்தீங்களா சார், ஒரே தட்டுல போயிடுச்சு. ரெண்டு தட்டு ஆவணும். இது ரி இல்ல. பாவுக்குக் கால் போட்டு, அந்தக் கால் மேலயே இ போட்டிருக்காங்க.”

‘பரிசு’ என்பதும் ‘பாிசு’ என்பதும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை மாற்றும்போது இந்தப் போலி ரிகரம் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். தேடினால் சொல் கிடைக்காது, அகரவரிசையில் அடுக்கினால் வேறெங்கோ போய் நிற்கும். கண்ணை ஏமாற்றுகிற இந்தப் பிழையால் கர்சரை ஏமாற்ற முடியாது. அதேபோலத்தான் ‘கௌரவம்’. ஔகாரக் குறியோடு சரியாக அடித்திருந்தால் நாலு தட்டு. ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து ‘கெளரவம்’ என்று அடித்திருந்தால் ஐந்து. அச்சகத்தில் பல வருடம் மெய்ப்புப் பார்த்தவன் நான். எழுத்தைத் தொட்டுப் பார்த்து எண்ணுகிற விரல் ஒன்று அந்தச் சின்னக் கோட்டுக்குள் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு கர்சரைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூர். தி, ரு, வொ, ற், றி, யூ, ர் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஏழு எழுத்து எண்ணும். கணினிக்கு அது பதினாலு. தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ரகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என்று ஒவ்வோர் எழுத்தும் யூனிகோடில் இரண்டு இரண்டு குறிகளாக உள்ளே கிடக்கிறது. ‘ஐந்தாவது இடத்தில் கர்சரை வை’ என்று நிரலில் எழுதினால் அது வகரத்துக்கும் ஒகரக் குறிக்கும் நடுவே போய் விழும். அப்படி ஓர் இடம் தமிழில் இல்லை. ‘வொ’வில் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் வகரம். குறியை எழுத்திலிருந்து பிரித்து நிற்க அங்கே ஏது இடைவெளி? நல்ல கர்சர் அந்த இல்லாத இடத்தில் நிற்காது. பதினாலை எண்ணிக்கொண்டே ஏழாக நடக்கும்.

எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதை யூனிகோடு அமைப்பின் 29-ஆம் பின்னிணைப்பு வரையறுக்கிறது. அந்த ஆவணம் பயனர் ஓர் எழுத்தென்று உணர்கிற கூட்டத்துக்கு எடுத்துக்காட்டுகள் தருகிற இடத்தில் நம்முடைய ‘நி’ உட்கார்ந்திருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது சொந்தக்காரரை வெளியூர்ச் சந்தையில் கண்டதுபோல இருந்தது. க்ஷகரத்தில் மட்டும் அந்த விதி கொஞ்சம் தடுமாறுகிறது. ஒரே உருவாகத் தெரிகிற க்ஷ-வின் வயிற்றில் பல உலாவிகளில் கர்சர் ஒரு முறை நின்றுவிட்டுத்தான் போகும். உள்ளே அது க், ஷ என்ற இரண்டு எழுத்து. இலக்கணம் தெரிந்தவருக்கு அது சரி என்றும் படும், கண் மட்டும் ஒப்புக்கொள்ளாது.

இன்னொரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஊர்ப் பெயரின் கடைசியில் கர்சரை வைத்துப் பின்னழிப்பு விசையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலான உலாவிகளில் பதினாலு தட்டு ஆகும். ‘ர்’ முதலில் ‘ர’ ஆகும், பிறகுதான் போகும். ‘யூ’ முதலில் ‘ய’ ஆகும். அதே பெயரின் தொடக்கத்தில் நின்று டெலீட் விசையைத் தட்டினால் ஏழே தட்டில் காலி. இது முரண்பாடு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னழிப்பு என்பது இப்போதுதான் செய்த தவறைத் திருத்துகிற விசை. ‘து’ என்று அடிக்க நினைத்துத் ‘தி’ அடித்துவிட்டவருக்குத் தகரம் மிச்சப்பட வேண்டும். டெலீட் முன்னால் கிடக்கும் பழைய எழுத்தை அப்புறப்படுத்துகிற விசை. அதற்கு எழுத்து முழுசாகப் போவதே நியாயம். தமிழ் அடிக்கிற கையின் பழக்கம் அறிந்த ஏற்பாடு இது. எல்லா மொழிக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று இதைச் சமன்செய்ய வருகிறவரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்க வேண்டும்.

தட்டச்சுப் பொறியில் பழகிய கைக்கு இதெல்லாம் தலைகீழ். ராயபுரத்தில் நான் தமிழ்த் தட்டச்சு கற்ற பயிலகத்தில் முதல் பாடமே புள்ளிதான். மெய்யெழுத்துக்கு முதலில் புள்ளியை அடிக்க வேண்டும். தாள் நகராது. அதே இடத்தில் ககரத்தை அடித்ததும் ‘க்’ ஆகும், தாளும் நகரும். நகரா விசை என்று அதற்குப் பெயர். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய யாழ்ப்பாணத்து ஆர். முத்தையாவின் அறிவுக்கூர்மை அந்த விசையில் இருக்கிறது. ஒற்றைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால்தான். ‘கொ’ அடிக்க, கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில். அங்கே எழுத்து விழும் இடம் ஒன்றுதான், தாள்தான் ஓடும். திரையில் தாள் நிற்கிறது, இடம் ஓடுகிறது. கர்சர் என்ற லத்தீன் சொல்லுக்கு ஓடுகிறவன் என்றுதான் பொருள். கணினிக்கு முன்பு பொறியாளர்கள் வைத்திருந்த நழுவு சட்டத்தில், கோடு கீறிய கண்ணாடித் துண்டு ஒன்று இங்குமங்கும் சறுக்கும். அதற்கும் இதே பெயர்.

இப்போது திரையில் ‘வொ’ அடித்துப் பாருங்கள், நிதானமாக. வகரம் விழுந்ததும் அதன் வலப்பக்கம் கர்சர். ஒகரக் குறியை அடித்த கணத்தில், வகரம் இருந்த இடத்தில் கொம்பு முளைக்கிறது, வகரம் வலப்பக்கம் நகர்ந்து கொடுக்கிறது, அதற்கப்பால் கால் வருகிறது, எல்லாவற்றுக்கும் அப்பால் கர்சர் போய் நிற்கிறது. ஒரு தட்டுக்கு நான்கு அசைவு. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் இன்னும் அழகு. ‘அம்மா’ என்று வர, அ, ம, ம, ஆ என்று நான்கே விசைகள். இரண்டாவது மகரம் விழும்போது, கர்சர் ஏற்கெனவே கடந்துவிட்ட முதல் மகரத்தின் தலையில் புள்ளி தானாக ஏறும். கடந்து வந்த பாதையை எட்டித் திருத்திவிட்டு ஒன்றும் நடக்காததுபோல நிற்கிறது கோடு.

உலாவிக்குள் இயங்குகிற எழுதுபலகையில்தான் இந்தக் கலைக்குக் கடும் சோதனை. இணையப் பக்கத்தில் எதையும் தொட்டுத் திருத்தலாம் என்ற வசதியை 2000-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 கொண்டுவந்தது. மற்ற உலாவிகளும் பின்தொடர்ந்தன. அந்தப் பக்கம் உள்ளே ஒரு மரம். பத்தி ஒரு கிளை, அதில் தடித்த எழுத்து ஒரு சிறு கிளை, சொற்கள் இலைகள். கர்சரின் இடம் என்பது ‘எந்த இலை, அதில் எத்தனையாவது குறி’ என்ற இரட்டை விலாசம். ‘எண்ணூர்’ சாதாரண எழுத்திலும் ‘கழிமுகம்’ தடித்த எழுத்திலும் ஒட்டி நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே கோடு சிமிட்டுகிறது. அது முதல் சொல்லின் கடைசியா, தடித்த கிளையின் தொடக்கமா? கண்ணுக்கு ஒரே இடம், உள்ளே பல விலாசம். அடுத்து அடிக்கிற எழுத்து தடிப்பாக வருமா மெலிவாக வருமா என்பது அந்த விலாசத்தைப் பொறுத்தது. இந்தச் சங்கடத்தைப் பற்றி 2014-இல், மீடியம் தளத்தின் எழுதுபலகையைக் கட்டியவர்களில் ஒருவரான நிக் சாண்டோஸ் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். கூகுள் டாக்ஸ் 2010-லேயே வேறு வழிக்குப் போய்விட்டது: உலாவியின் கர்சரை நம்பாமல், ஒரு மெல்லிய செவ்வகத்தைத் தானே வரைந்து, ஒவ்வொரு தட்டுக்கும் அதன் இடத்தைத் தானே கணக்கிட்டு நகர்த்தியது.

இது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். எங்கள் சாலையில் இரவு பகலாக வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளைப் பற்றி ஓர் இணையப் படிவத்தில் முறையீடு எழுதிக்கொண்டிருந்தேன். சில நொடிக்கு ஒரு முறை அது தானாகச் சேமித்துக்கொள்ளும். சேமித்த மறுகணம் கர்சர் படிவத்தின் முதல் வரிக்குத் தாவிவிடும். நான் விசைப்பலகையைப் பார்த்து அடிப்பவன். நிமிர்ந்தபோது ‘எண்’ கடைசி வரியில் இருந்தது, ‘ணூர்’ தேதிக்கு முன்னால் தொங்கியது. பக்கத்தைச் சேமிக்கும்போது மரத்தையே வெட்டிவிட்டு, அதேபோல இன்னொரு மரத்தை நட்டிருக்கிறார்கள். பார்வைக்கு அதே இலைகள். ஆனால் கர்சரிடம் இருந்த விலாசம் வெட்டுண்ட மரத்தினுடையது. விலாசம் செத்த கர்சர் தொடக்கத்துக்குப் போகாமல் வேறென்ன செய்யும்?

காசிமேட்டில் வலை பொத்துகிறவர்களை நின்று பார்த்திருக்கிறீர்களா? கிழிசலை ஒவ்வொரு கண்ணியாகக் கட்டி அடைத்துக்கொண்டே வருவார்கள். நடுவில் டீ குடிக்கவோ ஏலம் பார்க்கவோ எழுந்தால், நூல் சுற்றிய ஊசியை விட்ட கண்ணியிலேயே செருகிவிட்டுப் போவார்கள். யாராவது வலையை இழுத்தாலும் மடித்தாலும் வேறு இடத்துக்குத் தூக்கிப் போட்டாலும், ஊசி இருக்கிற கண்ணிதான் விட்ட இடம். இணைய எழுதுபலகைகளிலும் இதே உபாயம் உண்டு. பக்கத்தைக் கலைப்பதற்கு முன் கர்சர் நிற்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தைச் செருகுவார்கள். வேலை முடிந்ததும் அதைத் தேடி, கர்சரை அங்கே நிறுத்தி, அடையாளத்தை உருவிவிடுவார்கள். டைனிஎம்சிஇ போன்ற பழைய எழுதுபலகைகள் இதைப் புத்தகக்குறி என்றே அழைத்தன. கை வேலையின் மணம் வீசும் உபாயம் இது. ஆனாலும் ஊசியை உருவ மறந்தால் அது வலையிலேயே தங்கிவிடும். சில பக்கங்களின் உள்ளே அப்படி அநாதையாகக் கிடக்கும் வெற்று அடையாளங்களைப் பார்த்திருக்கிறேன்.

கடலுக்குள் போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மீன் கிடைக்கிற பாரில் ஊசி குத்தி வைக்க முடியாது. கரையில் தெரிகிற மின்நிலையப் புகைபோக்கியையும் ஒரு கோபுரத்தையும் ஒரே நேருக்கு வருமாறு பிடித்து, வேறொரு திசையில் இன்னொரு ஜோடியைப் பிடித்து, இரண்டும் வெட்டுகிற இடத்தை மனத்தில் வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், இடம் மாறாது. ஹாலந்துக்காரரான மரைன் ஹாவர்பேக 2015-இல் தொடங்கிய ப்ரோஸ்மிரர் என்ற எழுதுபலகைக் கருவி எனக்கு அந்த மரபின் பிள்ளையாகவே தோன்றுகிறது. அதில் கர்சர் எந்த இலையையும் பிடித்துத் தொங்குவதில்லை. ஆவணத்தின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது இடம் என்ற ஒரே எண்தான் அதன் விலாசம். கிளைக்குள் நுழைவதற்கு ஒன்று, வெளியேறுவதற்கு ஒன்று என்று எல்லாம் கணக்கில் சேரும். மரத்தை எத்தனை முறை வெட்டி நட்டாலும் எண் சாகாது. எண் மட்டும் போதாது என்பதுதான் இதில் உயிரான இடம். எந்தத் திருத்தம் நடந்தாலும், இன்ன இடத்தில் இத்தனை போயிற்று, இத்தனை வந்தது என்று ஒரு வரைபடத்தை அது விட்டுச் செல்கிறது. பழைய எண்ணை அந்த வரைபடத்தின் வழியே அனுப்பினால் புதிய எண் கிடைக்கும்.

சரி, கர்சர் நிற்கிற அதே இடத்தில் இன்னொருவர் எழுத்தைச் செருகினால்? கர்சர் வந்த எழுத்துக்கு முன்னால் நிற்பதா, பின்னால் நகர்வதா? எண்ணால் இதைத் தீர்க்க முடியாது. அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சாய்வைச் சொல்லச் சொல்கிறார் ஹாவர்பேக: இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளவா, வலப்பக்கமா. இடைவெளிக்குக்கூட எந்தப் பக்கத்து எழுத்தோடு உறவு என்று கேட்டு வைத்துக்கொள்கிற அந்த இடத்தைப் படித்தபோது எழுந்து நடந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

போன மாதம் அதே முறையீட்டை மறுபடி எழுதினோம், இந்த முறை இருவரும் சேர்ந்து. நான் ராயபுரத்தில் வீட்டில், அந்த அம்மா தேரடிக் கடையில், ஒரே ஆவணத்தை உலாவியில் திறந்து வைத்திருந்தோம். என்னுடையது நீலக் கோடு, அவருடையது சிவப்பு. முதல் பத்தியில் ‘திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்’ என்ற இடத்தில், வொ-வுக்கும் ற்-றுக்கும் நடுவே சிவப்புக் கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது. எழுத்தெண்ணிப் பார்க்கிறார் என்று புரிந்தது. நான் அதே வரியின் தொடக்கத்துக்குப் போய் ‘எண்ணூர், ’ என்று அடித்தேன். ஏழு குறி, ஒரு காற்புள்ளி, ஓர் இடைவெளி. வரி முழுவதும் வலப்பக்கம் நகர்ந்தது. சிவப்புக் கோடும் அதோடு நகர்ந்து, அதே வொ-வுக்கும் அதே ற்-றுக்கும் நடுவே சிமிட்டிக்கொண்டிருந்தது.